ஒரே வரி இரண்டு முறை

அந்த வார்டில் இருபத்திரண்டு கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு பெல். பெல்லிலிருந்து கிளம்பும் கம்பி சுவரோரமாகத் தரையை ஒட்டி ஓடி, நர்ஸ் மேசைக்குப் பின்னால் இருக்கும் ஒரு தகரப் பெட்டிக்குள் போகிறது. நோயாளி பெல்லை அழுத்தினால் மேசைமேல் உள்ள பலகையில் அந்தக் கட்டிலின் பச்சை விளக்கு எரியும். கம்பி அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும். பலகை கத்தவும் செய்யும். யாராவது கட்டில்வரை நடந்து போய், கம்பியைச் சரிபார்த்து, தலைமாட்டுப் பொத்தானை அழுத்தினால்தான் கத்தல் நிற்கும். நல்ல ஏற்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாட்டிய நாளிலிருந்து அது கத்திக்கொண்டே இருந்தது. கம்பி ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை.

தகரப் பெட்டிக்குள் கட்டிலுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன சிப்புகள் இருந்தன, பெல் முனையிலும் ஒவ்வொன்று. இந்தச் சிப்பு செய்யும் வேலை பார்க்க எளிது. கணினிக்குத் தெரிந்தது ஒன்றும் பூஜ்யமும். செம்புக் கம்பிக்குத் தெரிந்தது மின்னழுத்தம் ஏறுவதும் இறங்குவதும். நடுவில் உட்கார்ந்து அதை இதாகவும் இதை அதாகவும் மாற்றிக் கொடுப்பது சிப்பு. கம்பியைச் செருகியதும் இந்த முனைச் சிப்பும் அந்த முனைச் சிப்பும் முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். நீ என்ன வேகம் போவாய், நான் என்ன வேகம் போவேன், இருவருக்கும் ஒத்துவருவது எது என்று ஓரிரு நொடியில் பேசி முடித்துவிடும். முடித்ததும், இணைப்பு வந்துவிட்டது என்று தனக்குள், ரெஜிஸ்டர் என்ற இடத்தில், குறித்து வைத்துக்கொள்ளும். அதை வாய்விட்டுச் சொல்லாது. போய்க் கேட்க வேண்டும்.

கேட்பதற்குப் பெட்டிக்குள் இரண்டே இரண்டு கம்பிகள். ஒன்றில் எப்போது பேசுவது என்ற தாளம், மற்றதில் பேச்சு. எல்லாச் சிப்புகளும் அதே இரண்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஒன்பது என்று கூப்பிட்டால் ஒன்பது மட்டும் பதில் சொல்லும். மற்றவை தங்களைக் கூப்பிடவில்லை என்று சும்மா இருக்கும். மனிதர்கள் இருக்கும் கூட்டத்தில் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

இப்படிப் போய்க் கேட்டு வருவது டிரைவர் என்ற நிரல். அதற்கு மேலே பலகையை நடத்தும் நிரல் இருக்கிறது. கீழே எந்தக் கம்பெனியின் சிப்பு இருக்கிறது என்பது மேலே இருப்பதற்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் சிப்பை மாற்றும்போதெல்லாம் மேலே உள்ளதையும் மாற்ற வேண்டிவரும். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம். எழுப்பு, மீட்டமை, வேகம் பேசு, இணைப்பு இருக்கிறதா, தூங்கு. இந்த ஐந்து பேச்சுக்கு மேல் ஆறாவது கிடையாது. சிப்பு மாறலாம், ஐந்து மாறாது. இதற்குத்தான் இண்டர்ஃபேஸ் என்று பெயர்.

இதை எழுதியவள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்து, இன்னும் வேலை உறுதியாகாமல் இருந்த ஒரு பெண். எழுதியதைச் சரிபார்த்து உள்ளே விட்டவர் அவளுடைய அக்கா புருஷன். ஆபீசுக்குள் அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை சார் என்பாள். சேர்ந்த அன்றே இருவரும் பேசி வைத்துக்கொண்டது. மற்றவர்கள் அவரைத் துடைப்பம் என்று அழைத்தார்கள். அவர் கைக்குப் போன எந்த நிரலும் போனதைவிடச் சின்னதாகித்தான் திரும்பி வரும்.

ஒரே மாதிரி இரண்டு இருப்பது அவருக்கு ஆகாது. வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார். மனைவி, சாப்பிட்டீர்களா என்று இரண்டாம் முறை கேட்டால் பதில் வராது. முதல் முறைக்குச் சொன்ன பதில் இன்னும் செல்லுபடியாகும் என்பது அவர் கருத்து.

தலைமை நர்ஸ் அன்று காலை முதலாளியைப் போனில் கூப்பிட்டாள். "சாயங்காலத்துக்குள்ள இது வாயை மூடணும். இல்லன்னா சுவத்துலேருந்து கழட்டி உங்க வாசல்ல வெச்சிட்டு, பழைய கயித்து மணியையே கட்டிக்கிறேன்."

முதலாளி இருவரையும் கூப்பிட்டார். மேசைமேல் வெறும் டம்ளர் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தபடியே பேசினார்.

"பெட்டி, பலகை, கம்பி எல்லாம் வேற இடத்துலயும் ஓடுது. புதுசா இருக்கறது உன் டிரைவர் மட்டும்தான்ம்மா. பலகை கழண்டு வந்தா உன்னையும் வெச்சுக்க முடியாது. மனசுல வெச்சுக்காத."

"டிரைவரை நான் பார்த்தேன் சார்" என்றார் துடைப்பம். "சுத்தமா இருக்கு."

"சுத்தமாத்தாம்ப்பா இருக்கு. கத்துதே."

ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் துடைப்பத்தின் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, அவ வேலை போயிடுமாமே."

"இன்னும் போகல."

"நீங்கதானே சரிபார்த்தீங்க?"

"சரிபார்த்தவன்தான். எழுதினவன் இல்ல."

"அதத்தான் கேக்குறேன். சரியா இருக்குன்னு பார்த்தீங்களா, சரியா இல்லன்னு பார்த்தீங்களா?"

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினி ஜன்னல் வழியாக ஒரு பூட்டுக் கடையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்டில் தலைமை நர்ஸ் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. "நான் ஆளுங்களுக்கு நர்ஸா, இந்தப் பலகைக்கு நர்ஸான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. கத்தும், போவேன். அங்க ஒண்ணும் இருக்காது. தூங்குறவங்களை எழுப்பினதுதான் மிச்சம்."

"எனக்கு இதுல புகார் இல்ல சிஸ்டர்" என்றார் ஒன்பதாம் கட்டில்காரர். காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த தையல்காரர். "நல்லாக் கவனிக்கிறீங்கன்னுதான் நான் நெனச்சேன்."

"நீங்க சும்மா இருங்க ஐயா."

துடைப்பம் பெட்டியைத் திறந்து கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. மச்சினி பெட்டி பக்கமே போகவில்லை. வார்டின் நடுவில் நின்று, தரை துடைக்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் நீளக் கம்பு வைத்த ஈரத்துணியை ஒரே வீச்சில் கட்டிலுக்கு அடியில் தள்ளி, சுவரில் முட்டி, திரும்ப இழுத்தாள். பதினைந்தாம் கட்டிலின் அடியில் கம்பு பெல் கம்பியின் பிளக்கைத் தட்டியது. பிளக் ஓர் ஆட்டம் ஆடிப் பழையபடி உட்கார்ந்தது. பலகை ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண் துடைத்து முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். தரை காய்ந்தது. அதற்குப் பிறகு பலகை கத்தியது. பதினைந்து.

"பாருங்க" என்ற தலைமை நர்ஸ் போய்ப் பொத்தானை அழுத்தி அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

"பார்த்தேன் சிஸ்டர்" என்றாள் மச்சினி. "தட்டினப்ப கத்தல. எல்லாம் சரியான பிறகு கத்துது."

பலகை சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் எல்லாக் கம்பிகளையும் நலம் விசாரிக்கும். தட்டியது ஒரு விசாரிப்புக்கும் அடுத்த விசாரிப்புக்கும் நடுவில். அடுத்த விசாரிப்பு வந்தபோது பிளக் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. அப்படியும் சிப்பு, இணைப்பு இல்லை என்று சொல்லியிருக்கிறது. ஆபீசில் இது ஒருமுறைகூட நடந்ததில்லை. ஆபீசில் ஓடிய சோதனைப் பெட்டிக்குக் கீழே யாரும் தரை துடைக்கவில்லை. அங்கே இருந்த ஒரே துடைப்பம் நிரலைத்தான் துடைத்துக்கொண்டிருந்தது.

அவள் தரையிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். டிரைவரில், இணைப்பு இருக்கிறதா என்ற பகுதிக்குப் போனாள். வரிகளை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

"சார், இங்க ஒரு வரி இருந்துச்சே."

"எந்த வரி?"

"ரெஜிஸ்டரைப் படிக்கிற வரி."

"இருக்கே. அதோ."

"அது முதல் வரி. ரெண்டாவது எங்க?"

துடைப்பம் குனிந்து பார்த்தார். "அதுவா. ஒரே வரி ரெண்டு தடவை இருந்துச்சு. ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்ல. நீங்க கை தவறி ரெண்டு தடவை ஒட்டிட்டீங்கன்னு நெனச்சேன்."

"ரெண்டு தடவை படிக்கணும்னுதான் ரெண்டு தடவை எழுதினேன்."

"ஒரே கேள்வியை எதுக்கு அடுத்தடுத்து ரெண்டு தடவை கேக்கணும்?"

"முதல் தடவை அது சொல்றது பழைய கதை மாமா."

சார் போய் மாமா வந்துவிட்டதை இருவருமே கவனித்தார்கள்.

"பதினஞ்சைப் பிடுங்கி மறுபடி செருகுங்க" என்றாள்.

அவர் மண்டியிட்டு, பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். சிப்புகள் பேசி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிளக் செருகிய இடத்தில் சின்னப் பச்சைப் புள்ளி எரிந்தது. இணைப்பு வந்துவிட்டது.

"இப்ப நீங்களே கேளுங்க."

அவர் லேப்டாப்பை வாங்கி, பதினைந்தாம் சிப்பைக் கேட்டார். பூஜ்யம் என்றது. இணைப்பு இல்லை. கண்ணெதிரே பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. எதையும் தொடாமல் அதே கேள்வியை மறுபடி கேட்டார். ஒன்று என்றது. மூன்றாம் முறை கேட்டார். ஒன்று.

இது சிப்பின் குறை அல்ல. வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். யாரும் கேட்காத நேரத்தில் இணைப்பு ஒரு கணம் விழுந்து எழுந்துவிட்டால், பிறகு வந்து கேட்பவனுக்கு அது தெரியாமலே போய்விடும். அதனால் ஒருமுறை விழுந்தால், யாராவது வந்து படிக்கும்வரை அந்த இடத்தில் பூஜ்யமே நிற்கும். படித்த பிறகுதான் சிப்பு பழசை விட்டுவிட்டு இன்றைய நிலைக்கு வரும். அதனால் முதல் பதில் நடந்துபோனது, இரண்டாவது பதில் நடந்துகொண்டிருப்பது. டிரைவர் எழுதிப் பழகியவர்கள் முதல் பதிலை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, இரண்டாவதைத்தான் நம்புவார்கள்.

"இதை ஒரு குறிப்பா அந்த வரிக்கு மேல எழுதியிருக்கலாம் இல்ல?" என்றார் துடைப்பம்.

"எழுதியிருக்கலாம். எல்லாருக்கும் தெரியும்னு விட்டுட்டேன்."

"எனக்குத் தெரியாதே."

"தெரியலன்னா கேட்டிருக்கலாம்."

"தப்புன்னு தோணினாத்தானே கேக்க முடியும். எனக்கு அது குப்பைன்னு தோணுச்சு."

"அப்பக் குறிப்பு எழுதலைன்னா அழிச்சிடுவீங்களா?"

"இதுவரைக்கும் அப்படித்தான் பண்ணிட்டு இருந்தேன்" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

பக்கத்துக் கட்டில்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க சொந்தமா?"

"ஆமாங்க."

"கேட்டேன், அவ்வளவுதான்."

அவள் இரண்டாவது வரியைத் திரும்ப எழுதினாள். மேலே குறிப்பும் எழுதினாள்: இரண்டு முறை படிப்பது வேண்டுமென்றே, முதல் பதில் பழையது, நீக்காதே. துடைப்பம் அதைப் படித்து, கடைசிச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று உள்ளே விட்டார். புது நிரலைப் பெட்டியில் ஏற்றினார்கள். தரை துடைக்கும் பெண்ணைத் தேடிப்பிடித்து, துடைத்த இடத்தையே இன்னொரு முறை துடைக்கச் சொன்னார்கள். அவள் சந்தேகத்தோடு துடைத்தாள். சுவரில் முட்டினாள், பிளக்குகளைத் தட்டினாள். விசாரிப்பு வந்து போனது. அடுத்ததும் போனது. பலகை கத்தவில்லை.

வார்டில் அப்படி ஓர் அமைதி வந்து நாளாகிவிட்டதால் தலைமை நர்ஸுக்கு அது பிடிக்கவில்லை.

"ஓடுதா, நின்னுடுச்சா?"

"ஓடுது சிஸ்டர்."

"எனக்கு எப்படித் தெரியும்?" அவள் நேராக நான்காம் கட்டிலுக்குப் போனாள். பிளக்கைப் பிடுங்கினாள். அந்தக் கட்டிலில் இருந்தவர் தன் உயிரையே பிடுங்கிவிட்டதுபோல் பார்த்ததால் உடனே திரும்பச் செருகிவிட்டாள். மேசைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விசாரிப்பு போனது. பலகை பேசவில்லை.

"பிடுங்கினேன். நீங்களும் பார்த்தீங்க. இது வாயைத் திறக்கல. முன்னாடி பொய்யாக் கத்துச்சு. இப்ப உண்மைக்கும் கத்தல. இதுக்கு அதுவே மேல்."

"நீங்க திரும்பச் செருகிட்டீங்க சிஸ்டர். இப்ப இணைப்பு இருக்கு. இருக்குன்னு சரியாத்தானே சொல்லுது" என்றார் துடைப்பம்.

"நான் பிடுங்கினது நடக்கலையா அப்ப?"

"நடந்துச்சு."

"அதை யார் சொல்லுவா எனக்கு? ஒரு கம்பி நாள் பூரா போயிப் போயி வருதுன்னா, அது நாளைக்குப் போகப்போற கம்பி. அது எனக்குத் தெரிய வேண்டாமா? இதோ பாருங்க சார். அதுக்காகக் கத்தவும் கூடாது." மணியைப் பார்த்தாள். "டியூட்டி மாற இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. அதுக்குள்ள முடியலன்னா கழட்ட ஆள் கூப்பிடுறேன்."

மச்சினி லேப்டாப்பை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைத் துடைப்பம் முன்பும் பார்த்திருக்கிறார். அவருடைய கல்யாணத்தன்று அக்காவை வழியனுப்பும்போது அழக்கூடாது என்று இருந்த முகம் அது. அவர் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய சட்டைக்கு அது நல்லதல்ல.

"பாப்பா. நான் ரெண்டாவது பதிலைத் தூக்கிப் போட்டேன்."

"ஆமா."

"நீ முதல் பதிலைத் தூக்கிப் போடுற."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டுல ஒண்ணைக் கூடத் தூக்கிப் போடாம வெச்சுக்கிட்டா என்ன?" என்றார். தன் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்ததில் அவருக்கே கொஞ்சம் மலைப்பாக இருந்தது.

"முதல் பதில் இல்லை, ரெண்டாவது பதில் ஆம்னா, நடுவுல விழுந்து எழுந்திருக்குன்னு அர்த்தம்" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "ஆனா மேல இருக்கறது அதை எப்படிக் கேக்கும்? ஒப்பந்தத்துல அஞ்சுதானே இருக்கு."

"ஆறாவது சேர்க்கணும்."

"நீங்களா சொல்றீங்க?"

"நான்தான். சீக்கிரம் எழுது, நான் மனசு மாறிடப்போறேன்."

ஓர் இண்டர்ஃபேஸில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது லேசான காரியம் இல்லை. இனி வரப்போகும் ஒவ்வொரு சிப்புக்கும் எழுதப்படும் ஒவ்வொரு டிரைவரும் அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் துடைப்பம் இத்தனை காலம் ஒன்றைக்கூடச் சேர்க்க விட்டதில்லை. அவள் டிரைவரில் எழுதினாள். அவர் மேலே பலகையின் நிரலில் எழுதினார். பலகை விளக்குகளுக்கு மூன்று நிறம் காட்டத் தெரியும். மஞ்சளை யாரும் இதுவரை பயன்படுத்தவில்லை. நடுவில் விழுந்து எழுந்தால் மஞ்சள், சத்தம் கிடையாது. இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டது மிகக் குறைவு. நீ என்ன கேட்பாய், நான் என்ன சொல்வேன், அவ்வளவுதான்.

ஏற்றி முடித்ததும் தலைமை நர்ஸ் மறுபடி நான்கைப் பிடுங்கிச் செருகினாள். இம்முறை முதலிலேயே அந்த நோயாளியிடம் சொல்லிவிட்டுப் பிடுங்கினாள். விசாரிப்பு வந்தது. நான்கு மஞ்சளானது. சத்தம் இல்லை. பிறகு பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த விசாரிப்பில் நான்கு சிவந்து கத்தியது. செருகி, பொத்தானை அழுத்தி நிறுத்தினாள்.

"ம்" என்றாள்.

அதே நேரம் ஒன்பது மஞ்சளானது. யாரும் அந்தப் பக்கம் போயிருக்கவில்லை. பொத்தானை அழுத்தி அணைத்தார்கள். அடுத்த விசாரிப்பில் ஒன்பது மறுபடி மஞ்சள். துடைப்பம் போய்க் கட்டிலின் அடியில் பார்த்தார். பிளக் இறுக்கமாக இருந்தது. தையல்காரரின் ஒரு கை போர்வைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் பிளக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

"ஐயா" என்றாள் தலைமை நர்ஸ். "நீங்களா?"

தையல்காரர் மறைக்கவில்லை. "பெல் அடிச்சா வாசல்லேருந்தே என்னன்னு கேக்குறீங்க சிஸ்டர். ஒண்ணுமில்லன்னா போயிடுறீங்க. கம்பியைப் பிடுங்கினா பக்கத்துல வந்து, குனிஞ்சு, எல்லாத்தையும் தொட்டுப் பார்க்குறீங்க. இன்னிக்கு இஞ்சினியருங்க வேற வந்திருக்காங்க."

அவள் அவரைத் திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்து, தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

முதலாளி போன் செய்தார். மச்சினி எடுத்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒரு வரி குறைஞ்சிருந்துச்சு சார். சேர்த்தாச்சு."

"யார் குறைச்சது?"

அவள் அவரைப் பார்த்தாள். துடைப்பம் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"நான் சார். ரெண்டு வரி ஒரே மாதிரி இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"அவ எழுதினது சரியா இருந்துச்சா?"

"அதுலயும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு. ஆனா நான் தொடாம விட்டிருந்தா இத்தனை நாள் கத்தியிருக்காது."

"அந்த நர்ஸம்மா என்ன சொல்றாங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல சார்."

"அவங்க வெச்சுக்கிட்டா நானும் வெச்சுக்கறேன். இல்லன்னா நீ சொன்னது நல்ல மனசு, அவ்வளவுதான்."

போனை வைத்தார்கள். தலைமை நர்ஸ் மாத்திரைகளைச் சின்னக் கிண்ணங்களில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் அவளுடைய முடிவுக்காகக் காத்து நின்றார்கள். மச்சினி லேப்டாப் ஒயரைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

இரவுப் பணிக்கான நர்ஸ் வந்தாள். கைப்பையை மாட்டிவிட்டு மேசைக்கு வந்தவள் பலகையைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். "இது இன்னும் இங்கதான் இருக்கா? கழட்டிடுவாங்கன்னு சொன்னீங்களே அக்கா."

தலைமை நர்ஸ் கிண்ணங்களை மூடி வைத்தாள். பிறகு விரலால் பலகையைத் தொட்டுக் காட்டினாள்.

"பச்சைன்னா கூப்பிடுறாங்க. சிவப்புன்னா கம்பி போச்சு, ஓடு. மஞ்சள்னா போயிட்டு வந்துடுச்சு, அவசரமில்ல, கை ஒழிஞ்சதும் போய்ப் பாரு. பிளக் ஆடுதான்னு பாரு."

"ஒன்பது மஞ்சளா இருக்கே அக்கா."

"ஒன்பதுல பிளக்கைப் பார்க்க வேண்டாம்" என்றாள் தலைமை நர்ஸ். "ஒரு ஸ்டூல் எடுத்துட்டுப் போ."